தண்ணீர் கேட்கும் தேரி

அந்தக் காலத்தில் மரம் பேசும், மண் பேசும், உடும்பும் ஓணானும்கூட வழியில் நிறுத்தி ஊர்ச்சேதி கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றால் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும் என்று மனிதர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள்.

அப்போது பனை இப்போது இருக்கிற மாதிரி இல்லை. கொட்டை விழுந்த மூன்றாம் நாள் முளைத்து மேலே கிளம்பிவிடும். ஒரு மாதத்தில் ஆள் உயரம், அடுத்த மாதத்தில் கூரை உயரம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆடிக்காற்று ஒரு தடவை ஊதினால் போதும், அத்தனையும் படுத்துக் கிடக்கும். வேர் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு சாண் நீளத்தில் நாலு நார் இருக்கும், அவ்வளவே. வேலிக்கு வெட்டுவார்களே தவிர அதை மரம் என்று யாரும் மதித்ததில்லை.

தெற்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, குருவன்விளை என்று ஓர் ஊர் இருந்தது. முப்பது வீடு. ஊருக்கு மேற்கே தேரி. தேரி என்றால் சிவப்பு மணல் மேடு, கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்தான். அது மற்ற மேடுகளைப்போலப் போட்ட இடத்தில் கிடக்காது. ஆடி பிறந்து மேல்காற்று எழும்பினால் நடக்கும். ஓடாது, நடக்கும். அதற்கு அவசரம் என்பதே கிடையாது.

ஓர் ஆடிக்கு ஒரு வீடு அதன் கணக்கு. முதலில் வாசலில் மணல் வந்து கிடக்கும். கூட்டித் தள்ளினால் மறுபடி வரும். அப்புறம் கதவு திறக்காது. அப்புறம் கூரை முகடு மட்டும் தெரியும். ஒரு நாள் அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு உச்சி வெயிலில் அந்த இடத்தைக் கடந்து போகிறவர்களுக்குக் காலுக்கடியில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும் என்பார்கள். நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் அந்த வழியே இரண்டாம் தடவை போனதில்லை.

மேற்கு ஓரத்துக் கடைசி வீடு பேராச்சியினுடையது. அவளும் அவள் புருஷன் சொள்ளமுத்துவும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. சொள்ளமுத்து வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று அவன் கேட்கிற முதல் வார்த்தை, “ஏளா பேராச்சி, தண்ணி இருக்கா?” என்பதுதான். வீட்டில் தண்ணீர் இல்லாமல் எங்கே போகும்? இருந்தாலும் கேட்பான். அவளும் ஒரு நாள் தவறாமல், “இருக்கு, வாங்க” என்பாள். பதினோரு வருஷக் குடித்தனம் இப்படியே நடந்தது.

அந்த வருஷம் ஆடியில் ஓர் ஆட்டுக்குட்டி தேரிச் சரிவில் ஏறிவிட்டது. பிடித்துவரப் போன சொள்ளமுத்துவின் மேல் மேடு சத்தமில்லாமல் சரிந்து உட்கார்ந்தது. ஊரே மூன்று நாள் தோண்டியது. ஒரு கூடை அள்ளினால் இரண்டு கூடை இறங்கியது. கிடைத்தது அவன் தோளில் கிடந்த துண்டு மட்டும். ஆட்டுக்குட்டி தானாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டது. பேராச்சி அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

ஆவணி முடிந்து காற்று அடங்கியதும் ஊர் கூடிப் பேசியது. அடுத்த ஆடிக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. சொள்ளமுத்துவின் தம்பி தவசி, பேராச்சியின் வாசலில் வந்து நின்றான்.

“மதினி, நீங்களும் கிளம்பணும். வார ஆடிக்கு உங்க வீடு, அதுக்கடுத்த ஆடிக்கு எங்க வீடு. மணலோட மல்லுக்கட்டவா முடியும்?”

“உங்க அண்ணன் இங்கதான கிடக்காக. அவுகளை விட்டுட்டு நான் எங்கய்யா வருவேன்?”

தவசி அழுதுகொண்டே போனான்.

புரட்டாசியில் ஒரு நாள், வீட்டில் உலை வைக்க மனசில்லாமல், பேராச்சி தேரியின் அடியில் உட்கார்ந்து, ஆடியில் விழுந்த பனையிலிருந்து பொறுக்கிய ஒரு பனம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கொட்டை பேசியது.

“ஏம்மா, சப்பினது போதும். வெறும் நாருதான் இருக்கு. கீழ போடு.”

“போட்டா என்ன செய்யப் போற? மூணு நாள்ல முளைச்சு நிப்ப. ஆடியில விழுந்து கிடப்ப.”

கொட்டைக்குக் கோபம் வந்துவிட்டது. “அது எங்க குத்தமா? போட்ட மறுநாளே வந்து குனிஞ்சு குனிஞ்சு பாக்கீக. முளைச்சாச்சா, முளைச்சாச்சானு கேக்கீக. உங்க கண்ணுக்காகத்தான் நாங்க வெரசலா மேல வாரோம். எங்களுக்கு மட்டும் நல்ல பேர் வாங்க ஆசை இருக்காதா?”

பேராச்சி சப்புவதை நிறுத்தினாள். “பாக்காம இருந்தா?”

“கீழ போவோம். இந்தத் தேரிக்கு அடியில கெட்டி மண்ணு இருக்கு. அதைப் பிடிச்சுட்டோம்னா தேரியால எங்களை அசைக்க முடியாது. ஆனா ஒண்ணு. தை பொறக்குற வரைக்கும் உனக்கு மணலைத் தவிர எதுவும் தெரியாது. செத்தோமா இருக்கோமானுகூடத் தெரியாது. தோண்டிப் பாத்தியோ, போச்சு. வெளிச்சம் பட்டா வந்த வேலையை மறந்துருவோம். தோண்டாம இருந்தா தையில தலை காட்டி, வருசத்துக்குள்ள காய்ச்சுத் தாரோம். முடியுமா உன்னால?”

“முடியும்” என்றாள் பேராச்சி. அந்த நிமிஷம் அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

ஊர்க்காரர்களிடம் போய், அடுத்த ஆடி வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். எப்படியும் ஆடி வரை இருக்கத்தான் போகிறோம் என்று அவர்களும் தலையாட்டினார்கள். அவள் நூறு கொட்டை பொறுக்கி, சொள்ளமுத்து புதைந்த சரிவின் அடி நெடுக ஒரே வரிசையாக ஊன்றி மணலை மூடினாள். அப்புறம் தினமும் மத்தியானம் போய் அந்த வரிசையோரம் உட்கார்ந்திருந்தாள். “பேராச்சி மணலுக்குக் காவல் இருக்கா, யாரும் திருடிட்டுப் போயிறாம” என்று கிணற்றடியில் சிரித்தார்கள். முப்பது நாள் ஆயிற்று. மணல் மணலாகவே கிடந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், காற்று அறவே இல்லாத மத்தியானம், எழுந்து வீட்டுக்குத் திரும்பியவள் தன் காலடித் தடங்களைப் பார்த்தாள். வந்த தடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடமும் இருந்தது. ஆண்பிள்ளைத் தடம், பெரிய பாதம். அது மேட்டிலிருந்து இறங்கி அவள் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்து அங்கேயே முடிந்திருந்தது. பின்னால் சொள்ளமுத்துவின் இருமல் கேட்டது.

“ஏளா பேராச்சி, தண்ணி இருக்கா?”

பதினோரு வருஷப் பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் அவள் வாய், “இருக்கு, வாங்க” என்றுவிட்டது. திரும்பினால் யாரும் இல்லை. செம்பில் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை மணலில் ஊற்றினாள். மணல் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது. குடித்து முடித்து, அவன் விடுகிற அதே ஏப்பத்தை விட்டது.

அவள் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாலு மாதமாகக் கேட்காத குரல் அது. மறுநாள் செம்புக்குப் பதில் குடம் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும். எந்த இடத்தில் கேட்டதோ அந்த இடத்தில் ஊற்றினாள். வரிசை நெடுக, இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று குரல் கேட்டுக்கொண்டே போயிற்று.

கார்த்திகையில் குரல் வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தது.

“ஏளா, உன் கொட்டை எல்லாம் அழுகிப் போச்சு. நான் பக்கத்துலதான கிடக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணே ஒண்ணைத் தோண்டிப் பாரு.”

“கூடாதுன்னு சொல்லியிருக்கு.”

“யாரு சொன்னா? கொட்டையா? கட்டின புருசன் சொல்லுறதைக் கேக்க மாட்ட, சப்பிப்போட்ட கொட்டை சொல்லுறதைக் கேப்ப.”

அது சொள்ளமுத்து பேசுகிற பேச்சேதான். பேராச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று தவசியைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். தவசி காதைக் கொடுத்துக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

“அண்ணன் குரல்தான?” என்று கேட்டாள்.

“இல்ல மதினி.” அவன் பின்னாலேயே நகர்ந்தான். “என் குரலு. நான்தான் உள்ள இருந்து தண்ணி கேக்கேன்.”

அன்று போனவன் பிறகு தேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பேராச்சிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மணல் அடுத்த ஆளைக் குறித்துவைத்துவிட்டது. வரிசை நிற்காவிட்டால் தவசியும் போவான், அவன் பிள்ளைகளும் போவார்கள். கொட்டைகளைத் தோண்டமாட்டேன் என்று அன்றைக்கு அவள் தன் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டாள். ஊரார் கழற்றச் சொல்லியும் அவள் கழற்றாமல் வைத்திருந்த தாலி.

மார்கழி கடைசி நாள் வந்தது. விடிந்தால் தை. இன்னும் ஒரே ஒரு நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் ஆனதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கால் தன்னாலே போயிற்று. குரல் இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை.

“பேராச்சி, நான் போறேன். நாளையோட ரொம்பக் கீழ போயிருவேன். கூப்பிட்டாலும் கேக்காது. இன்னைக்கு ஒரு முழத்துல இருக்கேன். கையை நீட்டிக்கிட்டுக் கிடக்கேன். ஒரே ஒரு தடவை பிடிச்சுட்டு விட்டுரு.”

எத்தனை நாள்தான் ஒரு மனுஷி தாங்குவாள்? அவள் உட்கார்ந்து தோண்டினாள்.

ஒரு சாணில் கொட்டை தட்டுப்பட்டது. அழுகவில்லை. அதன் வாயிலிருந்து ஒரு முளை புறப்பட்டிருந்தது, மேலே பார்த்து அல்ல, நேராகக் கீழே. மனித விரல் தடிமன், மனித விரல் நிறம். அதைத் தொட்டுக்கொண்டே அவள் மணலைத் தள்ளினாள். ஒரு முழத்தில் ஒரு கை இருந்தது. வெயிலில் போட்ட வற்றல் மாதிரி காய்ந்த கை. மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. சொள்ளமுத்து பொய் சொல்லவில்லை, அங்கேதான் இருந்தான்.

ஆனால் அந்தக் கை நீட்டிக்கொண்டு கிடக்கவில்லை, மூடியிருந்தது. முளையின் நுனி உள்ளங்கைக்குள் இறங்கியிருக்க, ஐந்து விரலும் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தன. ஆற்றில் பிள்ளையைக் கூட்டிப் போகிற தகப்பன் பிடிக்கிற பிடி.

“பிடி, ஏளா, பிடிச்சு இழு!” என்றது குரல். அப்போதுதான் பேராச்சிக்கு உறைத்தது. குரல் அந்தக் குழியிலிருந்து வரவில்லை. அவள் தலைக்கு மேலே, மேட்டின் உச்சியிலிருந்து வந்தது. கீழே கிடந்தவன் ஒன்றுமே கேட்கவில்லை. ஆறு மாதமாக வாய் திறக்காமல் கிடந்தவன், ஊன்றிய நாளிலிருந்து கொட்டைக்குக் கை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அதற்குள் கொட்டை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டது. “மேல! மேல!” என்று பைத்தியம் பிடித்ததுபோலக் கத்தியது. கீழே போன முளை வளைந்து மேலே திரும்பி, அவள் கண் முன்னாலேயே முழங்கால் உயரம் எழும்பியது. மஞ்சள் பூத்த, ரத்தமில்லாத இலை. மணலுக்குள்ளிருந்து மற்ற கொட்டைகள் தொண்ணூற்றொன்பதும் அலறின. மேட்டுச் சரிவில் மணல் மெல்ல இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. சொள்ளமுத்துவின் மேல் இறங்கின அன்றும் அது சத்தம் போடவில்லை.

ஒரு கையில் முளை. மறு கையில் புருஷனின் மணிக்கட்டு. பேராச்சி மணிக்கட்டை விட்டாள். விடும்போது, “என்னை மன்னிச்சிருங்க” என்று வாய்விட்டுச் சொன்னாள். முளையை வளைத்து அந்த விரல்களுக்கு நடுவே திரும்பச் செருகி, இரண்டு கையாலும் மணலை வாரிப் போட்டாள். முதல் தடவை அவனை மணல் புதைத்தது. இரண்டாம் தடவை அவள் புதைத்தாள். குழி நிரம்பியதும் எழுந்து குதிகாலால் அந்த இடத்தை மிதித்து இறுக்கினாள். சரிந்து வந்த மணல் அவள் காலடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

கொட்டைகள் கீழிருந்து பேசின. அந்தக் குரல்களில் பழைய துடுக்கு இல்லை.

“பாத்துட்ட. நாங்க ஒரு வருசத்துல காய்ப்போம்னு சொன்னோம். அந்தப் பேச்சு இனி கிடையாது. மனுசக் கண்ணை இனி நம்ப மாட்டோம். முதல்ல கீழதான் போவோம், எங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும் போவோம். அப்புறம் ஒரு ஓலை, அப்புறம் ஒரு ஓலை.”

“எப்பத்தான் மரமாவீக?”

“அதைக் கேக்காதவளுக்குத்தான் மரமாவோம்.”

பேராச்சி அதற்குப் பிறகு கேட்கவில்லை. குடத்தை அந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். பின்னால் குரல் கெஞ்சியது, ஏசியது, பதினோரு வருஷத்தில் அவன் அவளை ஆசையாகக் கூப்பிட்ட பெயரை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

தை பிறந்தது, மாசி வந்தது, பங்குனியில் மணலுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் நூறு இலைகள் தெரிந்தன. ஊர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. இந்தப் புல்லா தேரியைத் தடுக்கப்போகிறது என்று மூட்டைகளை இறுக்கிக் கட்டியது. ஆடி வந்தது. தேரி நடந்து வந்து, அந்த ஒரு சாண் இலைகளுக்கு முன்னால், கட்டுத்தறியில் கட்டின மாடு மாதிரி நின்றது. அந்த ஆடி முழுக்க முட்டிப் பார்த்தது. நகரவில்லை.

மூட்டையை அவிழ்த்தார்கள். ஆனால் ஆளுக்கொரு மூட்டையை ஐந்தாறு வருஷம் வாசலிலேயே வைத்திருந்தார்கள். பேராச்சி வாசலில் மூட்டை இல்லை. மத்தியானம்தோறும் குரல் தண்ணீர் கேட்டது. அவள் குடத்தைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் திரும்பி வந்தாள். “வளந்துருக்கா மதினி?” என்று தவசி கேட்டால், “எனக்கென்ன தெரியும், தண்ணி ஊத்துறது மட்டும்தான் என் வேலை” என்பாள். பத்து வருஷத்தில் வடலிப் பனைகள் இடுப்பு உயரம்தான். பேராச்சியின் தலை நரைத்தது. பதினைந்து வருஷத்தில் கறுத்த அடிமரம் தெரிந்தது. அவள் முதுகு வளைந்தது. ஒரு நாளும் எப்போது என்று அவள் கேட்கவில்லை. மனசுக்குள்ளே கேட்டிருப்பாளோ என்னவோ, அதை எந்தக் கொட்டையும் தோண்டிப் பார்க்க முடியாது.

இருபத்தோராவது வருஷம் மாசியில் மரங்கள் முதல் தடவையாகப் பாளை விட்டன. அந்த மாதமே பேராச்சி கண்ணை மூடினாள். காய் காய்த்ததை அவள் பார்க்கவில்லை. அவள் சொல்லிவைத்தபடியே அந்த வரிசையின் அடியில், கறுப்புக் கயிறு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

ஆவணியில் முதல் பழம் விழுந்தது. நரைத்துப்போன தவசி அதைச் சுட்டுத் தின்றான். தின்னும்போது விம்மினான். மணல் அவன் குரலைக் குறித்துவைத்து இருபத்தொரு வருஷம் ஆகியும் அவன் வெயிலில் நடமாடிக்கொண்டிருந்தான், அவன் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றிருந்தார்கள். எல்லாம் மதினி ஊற்றிய தண்ணீர். கொட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தனியாகத் தேரிக்குப் போனான். மதினியின் கால்மாட்டில் கொட்டையை ஊன்றினான். குதிகாலால் மிதித்தான். மதினி நினைப்பில் தண்ணீர் ஊற்ற மறந்து குடத்தோடு திரும்பி நடந்தான்.

பத்து எட்டு வைத்திருப்பான். காற்று இல்லை. மேலே நூறு பனையின் ஓலைகளும் சலசலத்தன. பின்னால் கேட்டது.

“ஏய்யா தவசி, தண்ணி இருக்கா?”

மதினியின் குரல். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் யாரிடமும் கேட்டறியாதவள். அது மதினியா, மதினியின் குரலை வாங்கிக்கொண்ட மணலா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. கழுத்து பின்னால் திரும்பத் துடித்தது. அவன் திரும்பவில்லை. குடத்தை நின்ற இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, “இருக்கு மதினி, குடிங்க” என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லி, கண்ணீரோடு வீட்டுக்கு நடந்தான்.

பேராச்சி தோண்டிப் பார்த்த அன்று முதல்தான் பனங்கொட்டை யார் கண்ணிலும் படாமல் முதலில் கீழே இறங்குகிறது, போட்டவர் தலை நரைத்த பிறகே காய்க்கிறது. அந்தப் பக்கத்துச் சனங்களும் பின்னாலிருந்து கேட்கும்போது திரும்ப வேண்டி வராதபடிக்குத் தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிட்டு, கொட்டையைக் குதிகாலால் மிதித்து, திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேருகிறார்கள்.